அம்மான் வீட்டில் எள்ளு விருந்து!

என் பெயருக்குப் பின்னால் ஐ.பி.எஸ். என்று போட்டுக்கொள்ள எனக்குப் பூரண உரிமை உண்டு. டெல்லிக்குப் போய்ப் பரீட்சை எழுதி வாங்கியதல்ல. அடையாறில் ஒரு டாக்டர், ஐந்நூறு ரூபாய் ஃபீஸ் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்தது. 'இர்ரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்'! அதாவது, எரிச்சல் பிடித்த குடல். நம் மேலதிகாரி மாதிரி. எப்போது, எதற்கு எரிந்து விழும் என்று யாருக்கும் தெரியாது.

அம்மா இந்த விஷயத்தை எதிர் வீட்டு மாமியிடம் சொல்லும்போது பாதியை விழுங்கி, "பையனுக்கு ஐ.பி.எஸ்.ஸாம்" என்று மட்டும் சொல்லிவிட்டாள். மாமி ஸ்வீட் கேட்டு வந்து நின்றாள். "எந்த ஊர்லப்பா போஸ்டிங்?"

'பாத்ரூம்ல மாமி' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் காலை எட்டரை மணிக்கு, நெரிசலான பஸ்ஸில், ஜெமினி மேம்பாலத்தின் நடுவில், அடிவயிற்றில் யாரோ துணி பிழிகிற மாதிரி ஒரு வலி வந்து பாருங்கள். அப்புறம் தெரியும். மயிலாப்பூரிலிருந்து பாரிமுனை வரை எந்த ஓட்டலில் டாய்லெட் உண்டு, எதில் தாழ்ப்பாள் சரியில்லை, எங்கே கல்லாவில் இருப்பவர் முறைப்பார் என்று ஒரு முழு வரைபடமே என் தலைக்குள் இருக்கிறது.

டாக்டர் எல்லா டெஸ்ட்டும் எடுத்தார். எல்லாம் நார்மல். "ரத்தம் போகுதா? எடை குறையுதா? ராத்திரி தூக்கத்துல வயித்து வலி எழுப்புதா?" என்று கேட்டார். எதுவும் இல்லை. (இதில் ஒன்று இருந்தாலும், இந்தக் கட்டுரையை மூடி வைத்துவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள். அது வேறு சமாசாரம்.) கடைசியில், "வாரத்துல ஒரு நாளாவது வலி, மூணு மாசமா வந்துக்கிட்டிருக்கு, டாய்லெட் பழக்கமும் மாறியிருக்கு. அப்ப இதுதான். பயப்படாதீங்க தம்பி. இது உயிரை வாங்காது. மானத்தைத்தான் வாங்கும்" என்றார்.

எட்டு வருஷம் அதை ரகசியமாகவே வைத்திருந்தேன். ஆபீஸ் டூரை இரண்டு முறை, 'அம்மாவுக்கு உடம்பு சரியில்லை' என்று பொய் சொல்லித் தட்டிக் கழித்தேன். இரண்டு முறையும் என் ஜூனியர் போனான். இரண்டாவது முறை போய்விட்டு வந்ததும் அவன் என் ஜூனியராக இல்லை!

நான் வேலை பார்ப்பது ஓர் உரக் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவில். 2018 அக்டோபரில் ஜி.எம். கூப்பிட்டு, "ஜோர்டான். மூணு வாரம். கணக்குப் பார்க்கணும். இந்தத் தடவையும் உங்க அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்றார். பாஸ்பேட்டும் பொட்டாஷும் தோண்டி எடுத்து உலகத்துக்கு விற்கிற நாடு அது. நாமும் வாங்குகிறோம். "போறேன் சார்" என்று என் வாய் சொல்லிவிட்டது. வயிறு 'கர்ர்...' என்றது.

ஜோர்டானின் தலைநகர் அம்மான். தமிழில் அம்மான் என்றால் தாய்மாமன். மாமா வீட்டுக்குத்தானே போகிறோம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். மனைவி பெட்டியில் புழுங்கலரிசி, ஓ.ஆர்.எஸ். பாக்கெட், சின்ன ரைஸ் குக்கர் எல்லாம் அடுக்கினாள். விமானத்தில் ஓரத்து ஸீட் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஜன்னலில் மேகம் பார்ப்பதெல்லாம் நல்ல குடல் படைத்தவர்களுக்கு.

அம்மான் மேடும் பள்ளமுமான ஊர். ஏழு குன்றுகளில் ஆரம்பித்து, இப்போது கண்ணுக்கு எட்டிய தூரம் வரை குன்றுகள் மேல் பரவிக் கிடக்கிறது. வீடுகளெல்லாம் வெள்ளை சுண்ணாம்புக் கல். ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போக நூறு படி ஏற வேண்டும். எல்லா மொட்டை மாடியிலும் தண்ணீர் டாங்க்! தண்ணீர்ப் பஞ்சம் மிகுந்த நாடுகளில் ஜோர்டானும் ஒன்று. குழாயில் தண்ணீர் பல இடங்களில் வாரத்துக்கு ஒரு தரம்தான். லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்து நின்ற சென்னைவாசிக்கு அந்த டாங்குகளைப் பார்த்ததும் சொந்த ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

நான் கற்றுக்கொண்ட முதல் அரபு வாக்கியம், "வேன் அல்-ஹம்மாம்?" டாய்லெட் எங்கே? 'நன்றி', 'வணக்கம்' எல்லாம் அதற்கப்புறம்தான்.

அங்கே வெள்ளிக்கிழமை லீவு. முதல் வெள்ளிக்கிழமை காலையில் பழைய கடைத்தெருவுக்குப் போனேன். 'பலத்' என்கிறார்கள். ஹுசைனி மசூதியைச் சுற்றி ஜவுளி, வாசனைச் சாமான், ஆலிவ் ஊறுகாய் என்று நம் பூக்கடை, கொத்தவால்சாவடி மாதிரி ஒரே ஜேஜே. சந்து ஒன்றில் நாற்காலிகளைத் தெருவிலேயே போட்டு ஒரு டிபன் கடை. குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து வெளுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

நானும் உட்கார்ந்தேன். கேட்காமலே எல்லாம் வந்தது. ஹும்முஸ்: வேகவைத்த கொண்டைக்கடலையை மை மாதிரி அரைத்து, பூண்டு, எலுமிச்சை சேர்த்து, நடுவில் குளம் வெட்டி ஆலிவ் எண்ணெய் ஊற்றியது. ஃபூல்: அவரைக்கு அண்ணன் மாதிரி ஒரு பெரிய மொச்சையின் மசியல். ஃபலாஃபில்: நம் மசால் வடைக்கு ஒன்றுவிட்ட தம்பி. கூட குப்ஸ் ரொட்டி, பச்சை வெங்காயம், புதினா போட்ட டீ.

ஹும்முஸை வாயில் வைத்ததும் ஏதோ ஒரு பழகிய ருசி. என்னது... என்னது... எள்ளு! ஆமாம், சாட்சாத் நம் எள்ளு! சர்வரைக் கேட்டேன். "தஹீனா" என்றான். எள்ளை அரைத்த விழுது. அரபியில் அரைப்பதற்கு 'தஹன' என்று பெயராம். அதிலிருந்து தஹீனா, அல்லது தஹீனி. பாட்டி கைப்பக்குவம் மாமா ஊரில் கிடைத்த சந்தோஷத்தில், இரண்டு தட்டு ஹும்முஸை வழித்து நக்கிவிட்டு எழுந்தேன்.

பக்கத்திலேயே ரோமானியர் கட்டிய அரைவட்ட அரங்கம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில், குன்றின் சரிவையே குடைந்து செங்குத்தாகப் படி படியாகக் கட்டியிருக்கிறார்கள். மேல் படி வரை ஏறினேன். ஊரே காலடியில். ஆஹா என்று மூச்சு விட்டேன்.

அப்போது வந்தது, அந்தத் துணி பிழியும் வலி.

ஆறாயிரம் பேர் உட்காரலாமாம் அந்த அரங்கத்தில். ஆறாயிரம் ஆசனங்கள்! ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்கு வேண்டிய ஆசனம் அதில் ஒன்றுகூட இல்லை. ரோமானியர்களைச் சபித்துக்கொண்டே அத்தனை படியும் இறங்கி, "வேன் அல்-ஹம்மாம்?" என்று கண்ணில் பட்டவரையெல்லாம் கேட்டு... அதற்கு மேல் விவரம் வேண்டாம். எழுதுகிற எனக்கும், டிபன் சாப்பிட்டுக்கொண்டே படிக்கிற உங்களுக்கும் நல்லதல்ல.

குற்றவாளி யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எள்ளு! எள்ளு சூடு என்று பாட்டி சொல்வாளே! அன்றிலிருந்து நாலு நாள் வெறும் சோறு, வாழைப்பழம். எள் தூவிய பிஸ்கட்டைக்கூடத் தள்ளி வைத்தேன்.

அங்கே எனக்குக் கணக்கு காட்ட வேண்டிய அதிகாரி அறுபதை நெருங்கியவர். பருமன், நரைத்த மீசை, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. அசப்பில் எங்கள் கும்பகோணத்து மாமா. அதனால் மனசுக்குள் அவருக்கு 'அம்மான்' என்றே பெயர் வைத்திருந்தேன். அவர் புதன்கிழமை, "வெள்ளிக்கிழமை எங்க வீட்டுல சாப்பாடு. என் மனைவி தஹீனி போட்டுச் சமைத்தால், நீ ஊருக்கே திரும்ப மாட்டாய்" என்றார்.

எனக்கு வியர்த்தது. "வேண்டாம் சார்... வேலை இருக்கு..."

"வெள்ளிக்கிழமை என்ன வேலை?"

"உடம்பு கொஞ்சம்..."

"உடம்புக்கு என்ன?"

அரபு உபசாரத்தை உங்களால் மறுக்கவே முடியாது. காபியையே பாருங்கள். சின்னக் கிண்ணத்தில் ஊற்றுவார்கள். போதும் என்றால் கிண்ணத்தை லேசாக ஆட்டிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். விருந்துக்கு எதை ஆட்டிக் காட்டுவது? வேறு வழியில்லாமல் அவர் காதருகில் குனிந்து, "சார், எனக்கு வயிற்றில் ஒரு கோளாறு. குடல்... அதாவது... கோலன்..." என்று கிசுகிசுத்தேன். எட்டு வருஷத்தில் ஆபீஸ் மனிதர் ஒருவரிடம் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அம்மான் முகம் மலர்ந்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு ஹாலே அதிரும்படி, "கோலோன்!" என்றார். "இவருக்கும் கோலோன்!"

பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது.

ஆனால் யாரும் சிரிக்கவில்லை. டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் தலையைத் தூக்கி, "என் அம்மாவுக்கும்" என்றாள். காபி கொண்டு வந்த பையன் தன் வயிற்றைத் தட்டி, "எனக்கும்" என்றான். செக்யூரிட்டி உள்ளே எட்டிப் பார்த்து, "ஸலாமத்தக்" என்று நலம் வேண்டினார். அங்கே இந்த வியாதிக்கு மருந்துக்கடைப் பெயரெல்லாம் கிடையாது. வெறும் 'கோலோன்'. 'ஜலதோஷம்' என்று நாம் சொல்கிற மாதிரி, 'எனக்குக் கோலோன் இருக்கு' என்று நடுச்சபையில் சொல்கிறார்கள். ஆளுக்கொரு வைத்தியம் வேறு. சோம்புக்குத் தங்கை மாதிரி யான்ஸூன் என்று ஒரு விதை, மரமிய்யா என்று ஓர் இலை, புதினா... பத்து நிமிஷத்தில் என் மேஜையில் மூன்று கஷாயம்!

அம்மான் எதிரில் உட்கார்ந்து சி.பி.ஐ. மாதிரி விசாரித்தார். "வெள்ளிக்கிழமை என்ன சாப்பிட்டாய்? ஒவ்வொன்றாய்ச் சொல்." சொன்னேன்.

"கொண்டைக்கடலை, மொச்சை, பூண்டு, பச்சை வெங்காயம், நாலு ரொட்டி. இத்தனை திருடர்களை விட்டுவிட்டுத் தஹீனியைப் பிடித்து ஜெயிலில் போட்டிருக்கிறாயே! வா என்னோடு."

சாயங்காலம் கடைத்தெருவில் ஒரு பழைய ஆலைக்கு இழுத்துக்கொண்டு போனார். உள்ளே நுழைந்ததுமே வறுத்த எள்ளின் வாசனை. எள்ளை ஊறவைத்துத் தோல் கழற்றுகிறார்கள். அப்புறம் கெட்டியான உப்புத் தண்ணீரில் கொட்டினால் பருப்பு மிதக்கிறது, தோல் அடியில் போகிறது. அலசி, பதமாக வறுத்து, கல் இயந்திரத்தில் போட்டால் ஓரமாகப் பொன்னிறத்தில் வழிகிறது தஹீனி. நம் செக்கில் எள்ளோடு கருப்பட்டி போட்டு ஆட்டி, எண்ணெயை ஒரு பக்கமும் பிண்ணாக்கை ஒரு பக்கமும் பிரித்துவிடுகிறோம். அவர்கள் பிரிப்பதில்லை. கூட்டுக் குடும்பமாகவே பாட்டிலில் அடைத்துவிடுகிறார்கள்.

"ஸிம்ஸிம்" என்று எள்ளைக் கை நிறைய அள்ளிக் காட்டினார் ஆலைக்காரர். எனக்குச் சட்டென்று உறைத்தது. 1956-ல் எம்.ஜி.ஆர். நடித்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தில் குகைக் கதவைத் திறக்கும் அந்த 'சீஸேம்' இதுதான்! அரபியில் 'இஃப்தஹ் யா ஸிம்ஸிம்.' எள்ளே, திற! 'ஐயையோ, வேண்டாம். என் கதவு மூடியே இருக்கட்டும்' என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

அம்மான் விடவில்லை. ஒரு ஸ்பூன் தஹீனியில் துளி திராட்சைப் பாகு விட்டுக் குழைத்து நீட்டினார். ரொட்டி கிடையாது, வேறெதுவும் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். அடடா! நவராத்திரிக்குப் பாட்டி பிடிக்கிற எள்ளுருண்டையை உருக்கி ஊற்றின மாதிரி இருந்தது!

ராத்திரி முழுக்கக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். பத்து மணி. ஒன்றுமில்லை. பன்னிரண்டு. ஒன்றுமில்லை. விடிந்தது. வயிறு பரமசாது!

ஊர் திரும்பியதும் டாக்டர் விளக்கினார். கொண்டைக்கடலையிலும் மொச்சையிலும் இருக்கிற ஒருவகைச் சர்க்கரையையும், பூண்டு, வெங்காயம், கோதுமையில் இருக்கிற இன்னொரு வகையையும் ஜீரணிக்கும் சக்தி மனிதக் குடலுக்கே கிடையாதாம். பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைத்து வாயு கிளப்பும். சாதாரண ஆளுக்கு ஓர் ஏப்பம், இன்னொரு சப்தம், அவ்வளவோடு சரி. நம் குடலுக்கோ அதுவே குண்டு வெடிப்பு. ஆஸ்திரேலியாவில் மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்து 'ஃபாட்மாப்' என்று இந்த வகையறாவுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் தஹீனி சாது லிஸ்ட். ஆனால், ஒன்றிரண்டு ஸ்பூன் வரைதான். பாதிக்கு மேல் எண்ணெய்ச் சத்து என்பதால் கிண்ணம் கிண்ணமாக ஏற்றினால் அதுவும் குடலைக் கிளப்பிவிடும்.

"எல்லாத்தையும் ஆயுசுக்கும் நிறுத்திடாதீங்க" என்றார் டாக்டர். "சில வாரம் நிறுத்தி, அப்புறம் ஒண்ணொண்ணாச் சேர்த்துப் பார்த்து, எது உங்க வில்லன்னு கண்டுபிடிக்கணும். அதையும் ஒரு டயட்டீஷியனை வெச்சுக்கிட்டுச் செய்யுங்க." அம்மான் எனக்கு ஆலையில் செய்தது இதே வைத்தியம்தான். அவர் மெல்போர்ன் பக்கம் போனதே இல்லை.

வெள்ளிக்கிழமை விருந்துக்கும் போனேன். பெரிய மேஜை. மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள். எல்லாருக்கும் நடுவில் பெரிய தட்டுகள். என் எதிரில் மட்டும் தனியாக ஒரு சின்னக் கிண்ணம். சுட்ட கத்தரிக்காயை மசித்து, தஹீனியும் எலுமிச்சையும் கலந்தது. நம் கத்தரிக்காய் கொத்சுவுக்கு மச்சினன். பக்கத்தில் சோறும் கோழியும்.

"உங்களுக்குப் பூண்டு போடவில்லை, வெங்காயமும் இல்லை" என்று பேத்தி மூலம் ஆங்கிலத்தில் சொல்லி அனுப்பினார் அந்த அம்மாள். காலையிலிருந்து எனக்காகத் தனிப் பாத்திரம், தனி அடுப்பு.

எனக்குத் தொண்டை அடைத்தது. எத்தனை கல்யாண வீடுகளில், "பசியில்லை மாமி" என்று பொய் சொல்லிப் பந்தியிலிருந்து நழுவியிருக்கிறேன்! ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தால், எங்கள் வீட்டுப் பெண்களும் இப்படி ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைத்திருக்க மாட்டார்களா? யாரும் எனக்குச் சோறு போடாமல் இல்லை. நான்தான் வாயைத் திறக்கவில்லை.

"ஸஹ்த்தேன்!" என்றார்கள் எல்லாரும். சாப்பிடும்போது சொல்கிற வாழ்த்து. 'உனக்கு இரண்டு ஆரோக்கியம்' என்று அர்த்தமாம். எனக்கு ஒன்று கிடைத்தாலே போதும் என்றேன். அம்மான் மேஜையைத் தட்டிச் சிரித்தார். அன்று நிம்மதியாக, வயிறு நிறையச் சாப்பிட்டேன். நடுவில் எழுந்து ஓடவில்லை.

இரண்டு பாட்டில் தஹீனியோடு ஊர் வந்து சேர்ந்தேன். மனைவி மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். "ஏங்க, எள்ளைத் தூக்கிட்டு வரவா ஏரோப்ளேன்ல போனீங்க?" என்றாள். ஆனால் இட்லிக்குத் தொட்டுக்கொள்ள, எலுமிச்சை பிழிந்து அவள் அதைக் கலக்கியபோது ஒரு வேடிக்கை பார்த்தேன். முதலில் தஹீனி முறைத்துக்கொண்டு கெட்டியாகிறது. பயந்து விட்டுவிடக் கூடாது. இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டால், தானே இளகி வெண்ணெய் மாதிரி ஆகிவிடுகிறது.

மறுநாள் ஆபீஸ். ஒருவருக்குப் பிரமோஷன், பார்ட்டி. சன்னா பட்டூராவை என் பக்கம் தள்ளினார்கள். வழக்கம்போல், 'இன்னிக்கு விரதம்' என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மான் முகம் ஞாபகம் வந்தது. "எனக்குக் கோலன் ட்ரபிள்ப்பா. கொண்டைக்கடலை ஒத்துக்காது. தயிர் சாதம் ஏதாவது சொல்லுங்க" என்றேன், சத்தமாகவே.

ஒரு நிமிஷம் நிசப்தம். அப்புறம், "ஒரு தயிர் சாதம்!" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். அவ்வளவுதான். எட்டு வருஷம் நான் பயந்த பூதம், நாற்பது ரூபாய் தயிர் சாதத்தோடு முடிந்துபோயிற்று.

33 நாடுகளில் நடந்து, 2021-ல் வெளியான ஓர் ஆய்வில், நூற்றுக்கு நாலு பேருக்கு இந்தக் கோளாறு இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். எங்கள் ஆபீஸில் நூறு பேர். மீதி மூன்று பேர் எங்கே ஒளிந்திருக்கிறார்கள்?

அன்று சாயங்காலமே ஒருவர் கிடைத்தார். ஆறு வருஷமாக எனக்குப் பக்கத்து ஸீட். மீட்டிங் நடுவில் அடிக்கடி 'போன் வந்திருக்கு' என்று வெளியே ஓடுகிறவர். எல்லாரும் போன பிறகு என் மேஜைக்கு வந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, காதருகில் குனிந்தார்.

"சார்... யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. நானும் ஐ.பி.எஸ்.தான்."

எழுந்து நின்று கை கொடுத்தேன்.

"அப்படியா! எந்த பேட்ச்?"